கோரிப்பாளையத்தில் இறங்காத நாட்கள்

என் தோழியின் கணவர் இறந்துபோன செய்தியை, பஸ்ஸில் கூட வந்த ஒரு டீச்சர்தான் எனக்குச் சொன்னார். ஒத்தக்கடையைத் தாண்டியிருந்தோம். நானும் அவளும் எவ்வளவு நெருக்கம் என்று அவருக்குத் தெரியாது. கோரிப்பாளையத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒருவர், சின்ன வயசு, மஞ்சள் காமாலையில் போய்விட்டார், மனைவிகூட டீச்சருக்குப் படித்த பெண்ணாம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டு, மடியிலிருந்த நோட்டுக் கட்டைச் சரிசெய்துகொண்டார். எந்தக் கடை என்று கேட்டேன். சொன்னார். அதற்கு மேல் கேட்க எதுவும் இருக்கவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

அப்போது நான் மூன்று மாதக் கர்ப்பிணி. திருவாதவூரில் யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலை. வீடு சிம்மக்கல்லில், மாமியார் வீடு. தினமும் காலையில் பஸ் வைகைப் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்தில் நின்றுதான் போகும். சாயங்காலமும் அப்படியே. நடந்தே போயிருந்தாலும் அவள் வீடு கால் மணி நேரம்தான். பாலத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள்.

அன்று சாயங்காலம் பஸ் கோரிப்பாளையத்தில் நின்றபோது நான் எழுந்திருக்கவில்லை.

இதைச் சொல்வதற்கு முன் அவளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் உசிலம்பட்டி ரோட்டில் மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தேன். அவளுக்குச் சொந்த ஊரே கோரிப்பாளையம். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவளும் அவள் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். அத்தா அவள் சிறுமியாக இருக்கும்போதே தவறிவிட்டார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பயிற்சிப் பள்ளி வாசல்வரை வருவாள். உள்ளே வந்ததும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த நிமிடத்திலிருந்து பேச ஆரம்பிப்பாள்.

அவளுக்குப் படம் வரைய வரும். எனக்குச் சுத்தமாக வராது. மாதிரி வகுப்பு எடுக்கும் நாளில் பின்பெஞ்சில் ஆய்வாளர் உட்கார்ந்திருக்க, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பசுவைப் பற்றி நடத்த வேண்டும். கரும்பலகையில் நான் வரைந்ததைப் பார்த்து ஒரு பிள்ளை நாய் என்றது. எல்லாப் பிள்ளைகளும் நாய் என்றன. சாக்பீஸ் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவள் சாக்பீஸ் எடுத்துக்கொடுப்பதுபோல முன்னால் வந்தாள். இரண்டே கோட்டில் அதை உண்மையான நாயாக்கிவிட்டு என் காதில் சொன்னாள்.

"நாய்னே வச்சுக்க. பாடத்த மாத்து."

மாற்றினேன். ஆய்வாளருக்கு அந்த வகுப்பு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒரு பொங்கல் லீவுக்கு எங்கள் ஊருக்கு வந்து நான்கு நாள் இருந்தாள். என் ஐயா அதிகம் பேசாதவர். அவரோடு பருத்திக் காட்டுக்குப் போய், வெடித்த பருத்தியை எடுக்கப் பழகி, அன்று மாலை அவரையே ஒரு பாட்டம் பேச வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஐயா என்னைக் கேட்பதற்கு முன்னால், "கோரிப்பாளையத்துப் புள்ள சொகமா?" என்றுதான் கேட்பார்.

படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறவர். அவள் அம்மா தனியாகிவிடக் கூடாது என்பதால் அவர்தான் இவர்கள் வீட்டுக்கு வந்து இருந்தார். நான் போனால் ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போவார். பேக்கரியிலிருந்து வர்க்கி வாங்கி வந்து கதவுக்கு இந்தப் பக்கமாக நீட்டுவார். நாங்கள் பேசி முடிக்கும்வரை உள்ளே வரமாட்டார். அவரோடு நான் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். ஆனாலும் அந்த வீட்டில் அவர் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆகிச் சிம்மக்கல் வந்தேன். முதலில் தரித்தது மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. மறுநாள் காலையில் அவள் தூக்குச் சட்டியில் எலும்புச் சூப்போடு வந்து நின்றாள். என் மாமியார் என்ன நினைப்பார் என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை என் முழங்காலில் கை வைத்திருந்தாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மாமியார் உள்ளே போனதும், "அழறதுன்னா இப்ப அழுதுக்க, நான் கதவப் பாத்துக்கிறேன்" என்றாள்.

இப்படிப்பட்டவளின் கணவர் இறந்து இரண்டு நாளாகியிருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அவளை அவருக்கும் பிடிக்கும். ஆனாலும் சொன்னார்.

"மாசமா இருக்கிறவ சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. ஏற்கெனவே ஒண்ணு தங்கல. புள்ள பொறக்கட்டும், அப்புறம் எம்புட்டுத் தடவ வேணாலும் போயிட்டு வா. அவ புரிஞ்சுக்குவா."

பல வருடங்கள் இந்த வாக்கியத்தின் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். யாராவது கேட்டால் மாமியார் விடவில்லை என்பேன். ஆனால் நான் சம்பாதிக்கிற பெண். தினமும் இரண்டு முறை அவள் வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. சாயங்காலம் இறங்கி அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. மாமியார் அப்படிச் சொல்லாமலே இருந்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் துக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிற நான் பயந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்துதான் அவளைப் பார்க்க ஆரம்பித்தேன்.

சாயங்காலம் பஸ் கோரிப்பாளையத்தில் நிற்கும்போது, நிறுத்தத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பூட்டிய கடையின் படியில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் நிற்பாள். மெலிந்த உடம்பு, அவளுடைய உயரம், ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் அதே நிற்பு. மற்றவர்கள் ஏறுவதிலும் இறங்குவதிலும் மும்முரமாக இருக்க, அந்தப் பெண் மட்டும் ஏறமாட்டாள். ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். கூட்டத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது அவள்தான் என்று எனக்கு நிச்சயம். நான் வரவில்லை என்று பார்க்க வந்திருக்கிறாள். எந்த பஸ்ஸில் வருவேன் என்று அவளுக்குத் தெரியுமே.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும்.

நான் வலதுபக்க இருக்கைக்கு மாறினேன். அங்கே இடம் கிடைக்காத நாளில், பாலம் வரும்வரை குனிந்து கால் செருப்பைச் சரிசெய்துகொண்டிருப்பேன். ஒருமுறை வயிறு பெரிதாகியிருந்ததால் குனிய முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்தும் அந்தப் பெண் என்னை விடமாட்டாள். சோறு வடிக்கும்போது, பரீட்சைத் தாள் திருத்தும்போது, நிமிர்ந்தால் யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்ப்பதுபோல் இருக்கும். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றும். ஒரு நாளும் அவள் கையை அசைக்கவில்லை, கூப்பிடவில்லை. வெறுமனே நின்றாள். அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

ஏழாம் மாதத்தில் லீவு போட்டேன். எட்டாம் மாதம் ஊருக்குப் போனேன். பெண் குழந்தை, நல்லபடியாகப் பிறந்தது. முதன்முதலில் கையில் வாங்கியபோது வந்த நினைப்பை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போகாமல் இருந்தது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. ஆனால் வந்தது.

குழந்தைக்கு ஐந்து மாதமானபோது மறுபடி வேலைக்குப் போனேன். முதல் நாள் சாயங்காலமே அதே படியில் அதே துப்பட்டி.

அன்று எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது. எழுந்து கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே விசில் அடித்தார். இறங்கி, ரிக்‌ஷாக்களுக்கு நடுவே நுழைந்து, அந்தப் படிக்கு நேரே போனேன். என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. பக்கத்தில் போனதும் அந்தப் பெண் திரும்பினாள்.

அவள் அல்ல. எனக்குத் தெரியாத ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மேல் உதட்டில் ஒரு மரு. அவளுக்கும் என் தோழிக்கும் உயரத்தைத் தவிர ஒற்றுமை ஒன்றும் இல்லை.

"யாரத் தேடுறீக?" என்றாள் அந்தப் பெண்.

நீங்கள் தினமும் இங்கே நிற்பீர்களா என்று கேட்டேன். அவள் கணவருக்குக் கண் சரியாகத் தெரியாதாம். மேலூரில் பீடிக் கடையில் வேலையாம். இறங்குகிற இடத்தில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகத்தான் தினமும் வருகிறாளாம். நாலைந்து வருடமாக இதே படிதானாம். நான் என் தோழியின் பெயரையும் சந்தையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. கணவர் வந்து இறங்கியதும், இருவரும் சேர்ந்தே என்னை அந்தச் சந்தின் முனைவரை கொண்டுபோய் விட்டார்கள். முன்னால் அவர் தோளைப் பிடித்தபடி அவள் நடந்தாள். பின்னால் நான் நடந்தேன். அந்தப் பாதை எனக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் வழி தெரியாதவளைப் போலவே போனேன்.

கதவைத் திறந்தது அவள் அம்மா. என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். "வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் முன்னறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கால் மிதித்துக்கொண்டிருந்த தையலை அந்த வரிசை முடியும்வரை தைத்தாள். நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். பயிற்சிப் பள்ளியில் நான் தாமதமாக வந்தால் நகர்வதுபோல.

"என்ன புள்ள?" என்றாள்.

"பொண்ணு."

"ஒன்ன மாதிரியா, அவரு மாதிரியா?"

"மாமியா மாதிரி."

அவள் சிரித்தாள். நான் அழ ஆரம்பித்தேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். மாமியார் சொன்னது, நான் பயந்தது, படியில் நின்ற பெண்ணை அவள் என்றே நினைத்து மாதக்கணக்கில் தலையைக் குனிந்துகொண்டு போனது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் எப்படிடீ அங்க வந்து நிப்பேன்? இத்தாவுல இருந்தேன்ல" என்றாள்.

கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் பெண் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. அது எனக்குத் தெரியும். முன்பு அவளுடைய அத்தை ஒருவர் இத்தா இருந்தபோது அவளே அதை எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறாள். அவள் வெளியே வர முடியாது, நான்தான் உள்ளே போக வேண்டும் என்பது ஒரு நாளும் எனக்கு உறைக்கவே இல்லை.

"இந்தச் சொவருக்கு அந்தப் பக்கந்தான் ரோடு" என்றாள் அவள். "காலையில எட்டு மணிக்கு மேல பஸ் சத்தம் கேக்கும். எது ஒன் பஸ்ஸுன்னு தெரியாது. போற எல்லாத்தையும் ஒன் பஸ்ஸுன்னே வச்சுக்குவேன்."

"எறங்குவேன்னு நெனச்சியா?"

"மொதப் பத்து நாளு நெனச்சேன்."

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தோம் என்று கேட்டாள். நான் கிளம்பும்போது மன்னித்துவிட்டேன் என்றோ, கோபம் இல்லை என்றோ சொல்லவில்லை. "அடுத்த வாரம் புள்ளையத் தூக்கிட்டு வா" என்றாள்.

தூக்கிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் கோரிப்பாளையத்தில் இறங்கிவிடுவேன். ஒரு பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது நிமிடம் பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவேன். மூன்று வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. அவள் வீட்டிலேயே தைத்தாள், பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஆனால் பஸ்ஸில் கோரிப்பாளையம் நெருங்கும்போது தலை தானாகக் குனியப் பார்க்கும். படியில் நிற்கும் பெண் இப்போது என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். அவள் யார் என்று தெரிந்த பிறகும், பார்க்கும் முதல் கணத்தில் என் தோழி என்றே தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை என் தோழி தனக்கு மறுமணம் பேசுகிறார்கள் என்றாள். மேலூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறவர். முதல் மனைவி இறந்துவிட்டார், பிள்ளை இல்லை. அம்மாவையும் கூட வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். அவசரப்படாதே, யோசி, உனக்கு இங்கே என்ன குறை என்றெல்லாம் சொன்னேன். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பாலத்தத் தாண்டி வர ஒனக்கு ஒரு வருசம் ஆச்சு. இப்ப வாரத்துல இருபது நிமிசம் வார. மிச்ச நேரத்துக்கு நான் என்ன செய்ய?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டாள். அந்தக் கல்யாணத்துக்கு என் கணவரோடும் குழந்தையோடும் போனேன்.

அவள் மேலூர் போனது எங்களுக்கு ஒருவிதத்தில் நல்லதாகத்தான் ஆயிற்று. திருவாதவூரிலிருந்து மேலூர் கிட்டத்தில். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் மாதம் ஒருமுறை அங்கே போய்விடுவேன். அவள் புதுக்கணவர் கடையை மூடாமலே கல்லாவிலிருந்து எழுந்து நின்று வரவேற்பார். ஊறுகாய் ஜாடிகளுக்கு மேலே மாடியில் இரண்டு அறை. அவள் மறுபடி வண்ணச் சேலை கட்டினாள். மறுபடி சத்தமாகப் பேசினாள். மூன்றாவது வருடம் கருத்தரித்தாள். முப்பது வயதைத் தாண்டியிருந்தாள்.

அவளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் ஐயா இறந்தார். சித்திரை மாதம். காலையில் காட்டுக்குப் போனவர் கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். செய்தி வந்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தந்தி கொடுக்க முகவரிகள் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் மதியம் எடுப்பதாக முடிவு. வேறு யாருக்காவது சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் மேலூர் முகவரியைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐயா அவளை அவ்வளவு விரும்பினார், அவளுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒரு பதில். எனக்கு அவள் பக்கத்தில் வேண்டியிருந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது ஒன்றும் உண்டு. அவள் வருவாளா என்று பார்க்க நினைத்தேனோ என்னவோ. அவள் வராமல் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் சமமாகியிருப்போம்.

அவள் வந்தாள். மேலூரிலிருந்து மதுரைக்கு ஒரு பஸ், மதுரையிலிருந்து உசிலம்பட்டி ரோட்டில் இன்னொரு பஸ், இறங்கி இரண்டு மைல் மண்பாதை. கூட அவள் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். உச்சி வெயில். பந்தலுக்குள் அந்த வயிற்றோடு அவள் நுழைந்தபோது ஒப்பாரி ஒரு கணம் நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் சித்தி எழுந்துபோய் அவளை வழிமறித்தார்.

"மாசமா இருக்க புள்ள, உள்ள வராத ஆத்தா. அப்படி நெழல்ல ஒக்காரு."

"எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்று அவள் சித்தியின் கையை மெதுவாக விலக்கினாள். நேரே வந்து ஐயாவின் தலைமாட்டில் நின்று பார்த்தாள். பிறகு சிரமப்பட்டுத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பாதங்கள் வீங்கி, புழுதி படிந்திருந்தன. என் முழங்காலில் கை வைத்தாள். ஐயாவை எடுக்கும்வரை கையை எடுக்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அவளுக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாக டாக்டரம்மா சொன்னார். எப்போது வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக் கூடியது, இதற்கு யாரும் காரணமில்லை என்றார். அவள் கணவர் அதை என்னிடம் அப்படியே ஒப்பித்தார், நானும் அதை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்பதுபோல.

இந்த முறை நான் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கவில்லை. சிம்மக்கல்லிலிருந்து பாலத்தின் மேல் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வார்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்களிலெல்லாம் குழந்தைகள். அவள் அம்மா என்னை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"மல்லியப்பூ வாங்கிட்டு வர்றியாம்மா? நெறைய வேணும். பால் கட்டிக்கிட்டுத் துடிக்கிறா. பூ வச்சுக் கட்டுனாத்தான் நிக்கும்."

பூக்கடைக்குப் போனேன். முகூர்த்த நாள்போல. ஒரே கூட்டம். நான் கேட்ட அளவைப் பார்த்துவிட்டுப் பூக்காரம்மாள் வீட்டில் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பச்சை இலையில் பொதிந்து கொடுத்தார். அந்த ஈரப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் அம்மாவும் நானும் மறைப்பைப் போட்டுவிட்டு, மொட்டுகளைத் துணியில் பரப்பி அவள் மார்பைச் சுற்றிக் கட்டினோம். பால் ஏற்கெனவே துணியை நனைத்திருந்தது. மார்பு கல்லாக இருந்தது. பூ பட்டதும் அவள் பல்லைக் கடித்தாள். கட்டி முடித்ததும் அவள் அம்மா தண்ணீர் பிடிக்கப் போனார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

அவள் கண்ணை மூடியபடியே சொன்னாள்.

"நீ என்ன சொல்ல வாரேன்னு எனக்குத் தெரியும். சொல்லாத. நீ சொன்னா, அப்புறம் நான் ஒனக்கு ஆறுதல் சொல்லணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல."

சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் காலையில் பூ வாங்கிக்கொண்டு போனேன். நேற்றைய பூவை அவிழ்க்கும்போது அது பழுத்து, பாலும் வியர்வையும் கலந்த ஒரு வாசம் அடிக்கும். அதற்குப் பிறகு நான் மல்லிகை வைப்பதில்லை. மதுரையில் இருந்துகொண்டு மல்லிகை வைக்காத சுமங்கலியைக் காரணம் கேட்காமல் விடமாட்டார்கள். தலைவலி வரும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கொடி சுற்றியதால்தான் குழந்தை இறந்தது. எனக்குத் தெரியும். சாவு வீட்டுத் தீட்டு என்று ஒன்று கிடையாது, அதுவும் தெரியும். ஆனால் இரண்டு பஸ்ஸின் குலுக்கலும், இரண்டு மைல் வெயிலும், அந்த வீங்கிய பாதங்களும் இருந்தன. தந்திக்கு முகவரி கொடுத்தது நான். சித்தி அன்று தடுத்தபோது நானும் ஒரு வார்த்தை, வெளியே உட்கார் என்று, சொல்லியிருக்கலாம். அவள் வந்ததில் அவ்வளவு ஆறுதலாக இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. சில நாட்கள் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவள் பந்தலுக்குள் நுழைவது கண்முன் வரும். நான் எழுந்து அவளை வெளியே அனுப்புவதாகவும் வரும். பிள்ளைகள் நான் எதையோ மறந்துவிட்டேன் என்று நினைத்துக் காத்திருப்பார்கள்.

அவளுக்கு அதற்குப் பிறகு குழந்தை பிறக்கவில்லை. மேலூர் போவதை நான் நிறுத்தவில்லை. முதல் சில மாதங்கள் இருவரும் பேசவே விஷயம் இல்லாமல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். போகாமல் இருந்துவிடலாம் என்று பலமுறை தோன்றியது. அவளுக்கும் நான் வராமல் இருந்தால் தேவலை என்று தோன்றியிருக்கும். ஆனாலும் போனேன். அவளும் ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தாள். எப்போது மறுபடி பேச ஆரம்பித்தோம் என்று நினைவில்லை. ஏதோ ஒரு சனிக்கிழமை அவள் கணவரின் குறட்டையைப் பற்றி என்னவோ சொன்னாள், இருவரும் சிரித்தோம். அவ்வளவுதான்.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு கோடை லீவுக்கு அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்தாள். அப்போது என் மாமியார் காலமாகியிருந்தார். என் மகளுக்குப் பதினோரு வயது. என் தோழியைச் சின்னம்மா என்று கூப்பிடுவாள், ஒட்டிக்கொண்டே திரிவாள். ஒரு காலை நேரம் நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் மகளுக்கு அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகள் திடீரென்று கேட்டது என் காதில் விழுந்தது.

"சின்னம்மா, ஒங்களுக்குப் புள்ளையே இல்லையா?"

ஓடிப்போய் மகளை அதட்ட வேண்டும் என்று தோன்றியது. அடுக்களை வாசலோடு நின்றுவிட்டேன்.

"ஒண்ணு இருந்துச்சு" என்றாள் அவள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "ஒன்னவிட ஆறு வயசு சின்னது."

"இப்ப எங்க?"

"அல்லாகிட்ட. தலைய ஆட்டாத, கோணலாப் போகுது."

மகள் தலையை ஆட்டாமல், அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டாள். அவள் ஒரு பெயரைச் சொன்னாள். அந்தக் குழந்தைக்கு அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.